வெயில் படாத இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களின் வருத்தம், எங்களைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு அது வராது என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய்கள் எங்களிடம் மிகக் குறைவு. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரைவலை இழுக்கிறவர்களும் வயலில் நாள் முழுக்க நிற்கிறவர்களும் ஆயுள் முழுக்க வெயிலில் காய்ந்தாலும் அந்த வகைப் புற்றுநோய்க்கு ஆளாவது அரிது. எங்கள் தோலின் நிறமே அவர்களுக்குக் குடை பிடிக்கிறது.

ஆனால் வெயிலோடு சம்பந்தமில்லாத ஒரு தோல் புற்றுநோயும் இருக்கிறது. உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில், வாய்க்குள், மூக்குக்குள், மறைவிடங்களில் அது தோன்றும். தோலின் நிறத்தை அது பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஒரு சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடக்கூடியது. பிந்தினால் உயிரை எடுப்பது.

இது அரிதான நோய். அரிதான நோயைப் பற்றி நாங்கள் ஏன் அறிந்திருக்க வேண்டும்? எங்கள் மக்களின் உடம்பில் அது ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது என்பதே காரணம். செல் துண்டு பட்ட தழும்பு, சுனாமியில் கிழிந்த கால், சீனி வருத்தத்தால் ஆறாத புண், முள் குத்திய இடம், மருதோன்றி பூசிய நகம். இத்தனை அடையாளங்களுக்கு நடுவில் புதிதாக வந்த ஒரு கறுப்புப் புள்ளியை யார் கவனிப்பார்கள்?

நிறக் கலங்களில் தொடங்கும் நோய்

தோலுக்கு நிறத்தைக் கொடுப்பது மெலனின் என்ற நிறப்பொருள். அதைத் தயாரிக்கும் கலங்கள் தோலின் மேற்படையின் அடித்தளத்தில் இருக்கின்றன. கண்ணுக்குள்ளும், வாய், மூக்கு, மலவாசல், பெண்ணுறுப்பு ஆகியவற்றின் ஈரமான உட்சவ்விலும் அதே கலங்கள் உண்டு. இவை கட்டுப்பாட்டை இழந்து பெருகும்போது வருவதுதான் மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய்களில் இதன் எண்ணிக்கை குறைவு. ஆனால் தோல் புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு இதனுடையது.

உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் வருவதை வைத்தியர்கள் அக்ரல் மெலனோமா என்பார்கள். கை கால்களின் நுனியில் வருவது என்று அதற்குப் பொருள். அமெரிக்காவில் 1986 முதல் 2005 வரையான புற்றுநோய்ப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இந்த முக்கியமான வகை வருவது தெரிந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இந்த எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. வெள்ளையருக்கு வெயிலால் வரும் மெலனோமா மிக அதிகம் என்பதால் இந்த வகை அவர்களிடம் ஒரு சிறு துளி. கறுப்பினத்தவரிடமோ மெலனோமா வந்தவர்களில் 36 வீதமானோருக்கு இந்த வகைதான் வந்திருந்தது. யப்பானிலும் சீனாவிலும் இது பாதியை நெருங்குகிறது. அதாவது, எங்களைப் போன்றவர்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால், முகத்திலோ முதுகிலோ தேடுவதைவிட உள்ளங்காலில் தேடுவதே பொருத்தம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. எல்லாத் தோல் மெலனோமாக்களையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 91 வீதம். அக்ரல் வகையில் அது 80 வீதம். நோய் தடித்து வளர்ந்த பிறகே கண்டுபிடிக்கப்படுவது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

1886 இல் ஒரு நகச்சுத்து

இந்த நோயை நகச்சுத்து என்று நினைத்து ஏமாறுவது இன்று நேற்று வந்த தவறல்ல. இலண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜொனதன் ஹட்சின்சன் 1886 இல் இதைப் பற்றி எழுதினார். நகச்சுத்துப் போலத் தோன்றி, ஓரத்தில் மெல்லிய கருமையோடு இருக்கும் புண் உண்மையில் புற்றுநோயாக இருக்கலாம் என்பதே அவருடைய எச்சரிக்கை. நகத்தின் கருமை நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுவதை இன்றும் வைத்தியர்கள் அவருடைய பெயராலேயே அழைக்கிறார்கள்.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு மனிதரின் கதையும் இதுதான். ஜமெய்க்காவின் பாடகர் பொப் மார்லி உதைபந்தாட்டத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1977 இல் விளையாடும்போது அவருடைய வலது கால் பெருவிரலில் அடிபட்டது. விளையாட்டுக் காயம் என்றே கருதப்பட்டது. புண் ஆறாததால் பரிசோதித்தபோது நகத்துக்கு அடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. விரலை அகற்றும்படி கூறப்பட்ட ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. சிறிய சத்திரசிகிச்சையோடு நிறுத்திக்கொண்டார். 1980 செப்டெம்பரில் நியூயோர்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். நோய் அதற்குள் மூளைவரை பரவியிருந்தது. 1981 மே 11 ஆம் திகதி, 36 வயதில் இறந்தார்.

உதைபந்தாட்டக் காயம்தான் அவருக்குப் புற்றுநோயைக் கொடுத்தது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமில்லை. காயம் செய்தது வேறு. கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் கிடைத்துவிட்டதால் வேறு காரணம் தேட வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. "அது அடிபட்டது" என்ற சொல்லுக்குப் பின்னால் நோய் ஒளிந்துகொண்டது.

வெயில் இல்லையென்றால் எது?

சூரியனின் கழியூதாக் கதிர்கள் தோலின் மரபணுக்களில் தமக்கே உரிய ஒரு தடத்தை விட்டுச் செல்லும். புற்றுநோயின் மரபணுவை வாசித்து, அதில் வெயிலின் தடம் இருக்கிறதா என்று சொல்ல இப்போது முடியும். 2017 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 183 மெலனோமாக்களின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வெயில் படும் தோலில் வந்தவற்றில் அந்தத் தடம் நிறைந்திருந்தது. உள்ளங்கால், உட்சவ்வு போன்ற இடங்களில் வந்தவற்றில் பெரும்பாலும் அது இல்லை. அங்கே சேதம் வேறு விதமாக இருந்தது.

மருதமுனைத் தறியில் நெய்த ஒரு சாரனை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் செய்யும் சேதம், அந்தச் சாரனில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஓரிழை நிறம் மாறிப்போவது போன்றது. உள்ளங்கால் மெலனோமாவில் நிறம் மாறிய இழைகள் குறைவு. துணியே துண்டு துண்டாகக் கிழிந்து, இடம் மாறித் தைக்கப்பட்டிருக்கும். சில துண்டுகள் தொலைந்துபோயிருக்கும், சில துண்டுகள் பல மடங்காகப் பெருகியிருக்கும்.

இந்தக் கிழிசலைத் தொடக்குவது எது? மிதிபடும் அழுத்தம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது. யப்பானின் சின்சு பல்கலைக்கழக வைத்தியர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளங்காலில் உடம்பின் பாரம் அதிகம் இறங்கும் குதிப் பகுதியிலும் முன்பாதத்திலும் இந்த நோய் கூடுதலாகவும், நிலத்தில் படாத நடு வளைவில் குறைவாகவும் இருந்தது. ஆனால் அழுத்தமோ காயமோ நேரடியாக நோயை உண்டாக்குகிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. வெறுங்காலோடு நடப்பதால் இது வரும் என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு விளக்கம் மீனிலிருந்து வந்தது. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள், அக்ரல் மெலனோமாவில் பெருகிக் காணப்படும் ஒரு மரபணுவை வரிக்குதிரை மீன் என்ற சிறிய மீனின் நிறக் கலங்களில் செலுத்தினார்கள். புற்றுநோய் உடம்பைவிட மீனின் செட்டைகளிலேயே கூடுதலாக வந்தது. மீனுக்குச் செட்டை எப்படியோ அப்படித்தான் எங்களுக்குக் கையும் காலும். கருவில் "இது கை, இது கால்" என்று அடையாளம் கொடுத்த மரபணுக்கள் பிற்காலத்திலும் அந்த இடத்து நிறக் கலங்களில் வேலை செய்கின்றன. அந்த இடத்துக்கென்றே உள்ள ஒரு பலவீனத்தை அவை கொடுக்கின்றன. 2022 இல் வெளியான இந்த ஆய்வு, ஒரே நோய் உடம்பின் வெவ்வேறு இடங்களில் ஏன் வெவ்வேறு குணத்தோடு வருகிறது என்பதை ஓரளவு விளக்குகிறது.

இதில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முக்கியமான ஒன்று உண்டு. சாப்பாட்டாலோ, சுத்தக் குறைவாலோ, யாரோ செய்த வினையாலோ வரும் நோயல்ல இது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வராமல் தடுக்க ஒரு பூச்சும் இல்லை. எங்கள் கையில் இருப்பது நேரத்தோடு கண்டுபிடிப்பது மட்டுமே.

எங்கள் கால்களில் அது ஒளிந்துகொள்ளும் விதம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சில ஆய்வுகளில், அக்ரல் மெலனோமா வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு முதலில் வேறு நோயென்றே வைத்தியம் நடந்திருக்கிறது. கால் ஆணி, பாலுண்ணி, நகத்தில் பங்கசு, நகச்சுத்து, கண்டிய இரத்தம், நீரிழிவுப் புண் என்று பல பெயர்கள். வசதியான நாடுகளிலேயே அப்படியென்றால், இந்தக் கரையோரத்தில் குழப்பத்துக்கு இன்னும் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, யுத்தம். 1990 யூனில் மீண்டும் மூண்ட போரிலிருந்து 2009 வரை காயப்பட்டவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். உடம்பில் தங்கிய செல் துண்டுகளும் வெடிமருந்துத் துகள்களும் தோலுக்கு அடியில் நீலம் கலந்த கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். மாறாமல் இருப்பதுதான் அவற்றின் அடையாளம். பழைய புள்ளி ஒன்று பெருத்தால், அல்லது முன்பு இல்லாத இடத்தில் புதிய புள்ளி தோன்றினால், அதைச் செல் துண்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு காலை இழந்தவர்கள் மற்றக் காலின் அடிப்பாதத்தைத் தாங்களே பார்ப்பது சிரமம். அவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சுனாமி. 2004 டிசெம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் பலருக்குத் தகரமும் கண்ணாடியும் வெட்டிய தழும்புகள் கால்களில் உண்டு. அவற்றுக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, நீரிழிவு. சீனி உள்ளவர்களின் காலில் புண் வந்தால் "சீனிப் புண்" என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்போம். சரியான பராமரிப்பு இருந்தும் ஆறாத புண் வேறொன்றாக இருக்கலாம். மெலனோமா எப்போதும் கறுப்பாக இருப்பதும் இல்லை. சில வேளை நிறமே இல்லாமல், சிவந்த சதைக் கட்டியாக வந்து எளிதில் இரத்தம் கசியும்.

நான்காவது, மருதோன்றி. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் நகத்தில் ஏறிய சிவப்பு நகம் வளர்ந்து போகும் வரை மாறாது. மருதோன்றி இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் நகத்தில் விழும் ஒரு கறுப்புக் கோட்டை மூடிவிடும். அடுத்த முறை பூசும் முன் இருபது நகங்களையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பூசலாம்.

முப்பது வருடமாக ஆறாத காயம்

காயப்பட்டவர்களுக்கு இதன் அருகில் இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். அதுவும் வெயிலால் வருவதல்ல. தீக்காயத் தழும்பு, ஆறி ஆறி மீண்டும் வெடிக்கும் புண், எலும்புவரை சென்று சீழ் வடியும் காயம் ஆகியவற்றில் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோய் உருவாவது உண்டு. 19 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலினின் பெயரால் இது மார்ஜொலின் புண் எனப்படுகிறது. பெரும்பாலும் இது மெலனோமா அல்ல, தோலின் வேறு கலங்களில் தொடங்கும் புற்றுநோய். காயம் பட்டு, சராசரியாக முப்பது ஆண்டுகள் அளவில் தோன்றுகிறது. 1990 இல் காயப்பட்டவர்கள் அந்தக் காலத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். பழைய புண்ணின் விளிம்பு தடித்தால், மணம் மாறினால், சதை பூத்தாற்போல் மேலெழுந்தால், இரத்தம் கசிந்தால், "இது எனக்குப் பழகிய புண்" என்று இருந்துவிடாமல் காட்ட வேண்டும்.

சொல்லக் கூச்சப்படும் இடங்கள்

உட்சவ்வில் வரும் மெலனோமா இன்னும் அரிது. கண்டுபிடிப்பதும் இன்னும் கடினம். மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் அடைப்பும் அடிக்கடி இரத்தமும், வாயின் மேலண்ணத்தில் பரவும் கறுப்புப் படலம், மலவாசலில் இரத்தக் கசிவு, பெண்ணுறுப்பில் கறுத்த திட்டு அல்லது கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், வெற்றிலைக் கறை, கிருமித்தொற்று போன்ற சாதாரண காரணங்களே இருக்கும். ஆனால் காரணத்தை ஊகிக்காமல் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வாயைக் காட்டப் போகிறவருக்கு இன்னொரு பயனும் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் மிக அதிகம். ஒரே பரிசோதனையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பெண்கள் இவற்றைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் பெரிய தடை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு இதையும் சொல்லலாம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. மருத்துவத் தேவைக்காக உடம்பைக் காட்டுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை உலமாக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்வோம். கறுத்த தோல்காரரின் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. உள்ளங்காலில் சிறு மச்சங்கள் இருப்பதும் இயல்பு. பல ஆண்டுகளாக மாறாமல் இருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவை.

கவனிக்க வேண்டியவை இவை: உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்து பெருக்கும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டு, குறிப்பாக ஓரம் ஒழுங்கில்லாமலும் நிறம் பல விதமாகவும் இருந்தால். ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோடு, அதிலும் கை அல்லது கால் பெருவிரலில். கருமை நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவுவது. காரணமில்லாமல் நகம் பிளப்பது, இரத்தம் கசிவது. இரண்டு மாதமாகியும் ஆறாத புண். என்ன நோயென்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாத கட்டி.

நகத்துக்குள் இரத்தம் கண்டியதா, வேறு ஏதாவதா என்று அறிய ஒரு வழி உண்டு. இரத்தக் கறை நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகரும். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும், கால் நகம் அதில் பாதிக்கும் குறைவு. திகதியோடு கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்து, சில வாரங்கள் கழித்து ஒப்பிடுங்கள். அடியில் வெள்ளை நகம் வளர்ந்து கறை முன்னே போனால் அது இரத்தம். நகராமல் நின்றால், அகலமானால், காட்டுங்கள்.

கவட்டில் நெறி போட்டிருப்பதையும் கவனியுங்கள். காலில் காயம் இருந்தால் நெறி கட்டுவது வழமைதான். காயம் ஆறியும் நெறி வற்றாமல் பெருத்தால் அது சாதாரணமல்ல.

கால் பார்ப்பதற்கு எங்களுக்குத் தனி நேரம் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை வுழூச் செய்கிறவர் விரலிடுக்குவரை கழுவுகிறார். வயலிலிருந்தும் கோயிலிலிருந்தும் வருகிறவர் வாசலில் கால் கழுவுகிறார். கழுவும் கை அங்கே இருக்கிறது. வாரத்தில் ஒரு தடவை கண்ணும் அங்கே போனால் போதும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டால் தொழுநோய்க்குக் காட்ட வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் கறுப்புத் திட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது, என்ன நடக்கும்?

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒன்றை முஸ்லிம்களுடையதாகவும் மற்றதைத் தமிழர்களுடையதாகவும் பார்க்கும் பழக்கம் நோய்க்கு உதவாது. எது கிட்டவோ அங்கே வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். "இது மெலனோமாவாக இருக்குமா, பயொப்சி எடுக்க வேண்டுமா?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

தோல் வைத்தியர் ஒளியுள்ள உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். கைரேகை போன்ற கோடுகள் உள்ளங்காலிலும் உண்டு. நிறம் அவற்றின் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேடுகளில் ஓடினால் சந்தேகம். யப்பானிய வைத்தியர்கள் கண்டறிந்த இந்த வித்தியாசம் பல தேவையற்ற வெட்டுகளைத் தவிர்த்திருக்கிறது. சந்தேகமிருந்தால் சிறு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். கத்தி வைத்தால் புற்றுநோய் பரவும் என்ற பயம் பலரை இந்த இடத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறது. பயொப்சியால் நோய் பரவுவதில்லை. ஆபத்து வேறு கத்தியில் இருக்கிறது: ஆணி என்று நினைத்து வீட்டில் பிளேட்டால் சீவுவது, மருந்து வைத்து எரிப்பது, வெட்டிய துண்டை ஆய்வுக்கு அனுப்பாமல் எறிவது.

நோய் உறுதியானால் எல்லாமே அதன் ஆழத்தில் தங்கியிருக்கிறது. அமெரிக்க நோயியல் வைத்தியர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ 1970 இல் காட்டிய முறைப்படி, தோலுக்குள் அது எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். 1 மில்லிமீற்றருக்கும் குறைவென்றால் வெட்டி அகற்றியதோடு பெரும்பாலானோர் சுகமாகிறார்கள். ஆழம் கூடக்கூட நிணநீர்க் கணுக்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் போகும் வாய்ப்புக் கூடும். விரலை அகற்ற நேரிடலாம். யுத்தத்தில் உறுப்பிழந்தவர்களைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லே பயங்கரம். ஆனால் ஒரு விரலோடு நிற்பதற்கும் நுரையீரல்வரை போவதற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் சில மாதங்களே. பரவிய மெலனோமாவுக்கு இப்போது உள்ள நோயெதிர்ப்பு மருந்துகள் வெயிலால் வந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும் அளவுக்கு இந்த வகைக்கு வேலை செய்வதில்லை. அதனால்தான் நேரத்தோடு காட்டுவது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. தேவைப்பட்டால் ஓர் இரவு பஸ் பயணத்தில் மஹரகம. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் செலவும் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல என்பது உண்மைதான். சிறிய புள்ளியாக இருக்கும்போது போனால் அந்தப் பயணங்களும் குறையும்.

இந்த நோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்களும் அவர்கள்தான். உங்கள் வீட்டில் உம்மாவோ வாப்பாவோ, அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், அடுத்த முறை அவர்களுக்கு நகம் வெட்டிவிடும்போது பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏதாவது இருந்தால், நாள் கடத்தாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.